மூச்சு சொல்லும் சேதி

சிங்காரப்பேட்டையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நான் ஒரு வேடிக்கை காட்டுவதுண்டு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, ஓர் இரவு முழுவதும் தெளிய வைத்து, மேலே நிற்கும் நீரை மட்டும் ஒரு கண்ணாடிக் குவளையில் இறுத்துக் கொள்வேன். ஒரு பையனை அழைத்து, இளநீர்க் கடையில் தரும் குழல் ஒன்றைக் கையில் கொடுத்து, "உறிஞ்சிவிடாதே, ஊது" என்பேன். அவன் கன்னம் புடைக்க ஊதுவான். பளிங்கு போலிருந்த நீர் பார்த்துக் கொண்டிருக்கும்போதே பால் போல் வெளுத்துவிடும். நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இந்த ஆண்டு வேடிக்கை அத்துடன் முடியவில்லை. லாரி ஓட்டுபவரின் மகன் ஒருவன் எழுந்து, "ஸார், ஓசூர் ரோட்டில் ராத்திரி போலீஸ்காரர் எங்கள் அப்பாவை ஊதச் சொல்கிறாரே, அந்தப் பெட்டிக்குள்ளும் சுண்ணாம்புத் தண்ணீர்தானா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "குடித்திருப்பது மூச்சில் தெரியும் என்றால் வியாதியும் தெரியுமா, ஸார்? எங்கள் பாட்டியை ஊதச் சொல்லியிருந்தால் முன்னாடியே தெரிந்திருக்குமா?" என்றாள்.

அவள் பாட்டி இரண்டு மாதத்துக்கு முன் காலமானவள். அந்த அம்மாளுக்குப் புகையிலை அடக்கும் பழக்கம் உண்டு. கன்னத்தின் உட்புறம் வந்த புண்ணை எட்டு மாதம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். போய் என்ன சொல்வார்களோ என்ற பயம் வேறு. கடைசியில் போனபோது வைத்தியர்களால் வேதனையைக் குறைக்கத்தான் முடிந்தது.

"விசாரித்துச் சொல்கிறேன், அம்மா" என்று அன்று அவளை உட்கார வைத்தேன். அவ்வாறு விசாரித்ததையே இங்கே எழுதுகிறேன்.

இரத்தமும் காற்றும் சந்திக்கும் இடம்

முதலில் போலீஸ்காரரின் பெட்டியைப் பார்ப்போம். ஒருவன் குடித்த சாராயம் வயிற்றுக்குள் அல்லவா போகிறது? அது மூச்சில் எப்படி வருகிறது? வாய் நாற்றம் மட்டுமென்றால் வாயைக் கொப்பளித்தால் தப்பித்துக் கொள்ளலாமே!

விஷயம் அப்படியன்று. நம் நுரையீரல்களுக்குள் கடுகினும் சிறிய காற்றுப் பைகள் பல கோடி இருக்கின்றன. அவற்றின் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் பரவும். ஒரு நடுத்தர வீட்டின் கூடம், அறை, தாழ்வாரம் எல்லாவற்றையும் மூடிவிடும். சுவரின் கனமோ ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூறுக்கும் குறைவு. இந்தப் பக்கம் இரத்தம், அந்தப் பக்கம் காற்று. உடம்பிலுள்ள ஐந்து லிட்டர் இரத்தமும் ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு முறை அந்தச் சுவரோரமாகச் சென்று திரும்புகிறது. இரத்தத்தில் ஆவியாகக் கூடிய பொருள் எது இருந்தாலும், அதில் கொஞ்சம் இந்த மெல்லிய சுவரைத் தாண்டி மூச்சோடு கலந்துவிடும். சாராயம் அப்படித்தான் வருகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். ஊசி குத்தாமல், இரத்தம் எடுக்காமல், மூச்சைக் கொண்டே அந்தக் கணக்கைப் பெட்டி போட்டு விடுகிறது.

சாராயத்துக்கு உள்ள இந்த வழி நோய்க்கும் உண்டு. நீரிழிவு முற்றி மயக்கத்தில் கிடப்பவரின் மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை வீசும். அது அஸிடோன் என்னும் பொருளின் வாசனை. சிறுநீரகம் கெட்டவரின் மூச்சில் நவச்சார நெடி இருக்கும். ஈரல் செயலிழந்தவருக்கு வேறொரு பூஞ்சை வாசனை. கட்டில் அருகே குனிந்த மாத்திரத்தில் இவற்றை இனங்கண்ட வைத்தியர்கள் எல்லாத் தேசங்களிலும் இருந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில், "இதெல்லாம் நம் சித்தர்கள் அன்றே சொன்னதுதானே" என்று சில அன்பர்கள் சொல்லக் கூடும். நம் முன்னோரின் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆயினும் உள்ளதைச் சொல்ல வேண்டும். சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்வு நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பவையே. மூச்சு அதில் தனியாக எண்ணப்படவில்லை. சரம் பார்ப்பது எந்த நாசியில் மூச்சு ஓடுகிறது என்பதைப் பற்றியது. மூச்சில் என்ன கலந்திருக்கிறது என்பதைப் பற்றியதன்று. இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்வது முன்னோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மூச்சில் இருப்பவற்றைப் பிரித்து எண்ணிப் பார்த்தவர் அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங். இரண்டு நோபல் பரிசுகள் பெற்ற அவர், 1971-ல் மனித மூச்சைக் குளிர வைத்துச் சேகரித்து ஆராய்ந்து, அதில் சுமார் 250 விதமான பொருள்கள் இருப்பதாக அறிவித்தார். பிராண வாயு, கரியமில வாயு, நீராவி என்று பள்ளிக்கூடத்தில் நாங்கள் எழுதிப் போடும் பட்டியல் எவ்வளவு குறைவானது என்பது அப்போதுதான் தெரிந்தது. பிற்காலத்தார் அந்த எண்ணிக்கையை இன்னும் மிகப் பெரிதாக்கிவிட்டார்கள்.

நாயின் மூக்கு

புற்றுநோய்க்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? புற்றுநோய் கண்ட உயிரணுக்கள் மற்ற உயிரணுக்களைப் போல் உண்டு செரிப்பதில்லை. அவற்றில் கொழுப்பும் பிறவும் சிதைகின்ற முறை வேறு. அந்தச் சிதைவில் பிறக்கும் ஆவிப் பொருள்கள் இரத்தத்தில் சேர்ந்து மூச்சுக்கு வருகின்றன. 1999-ல் மைக்கேல் பிலிப்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் நுரையீரல் புற்றுநோயாளிகளின் மூச்சிலிருந்து அத்தகைய 22 பொருள்களைப் பொறுக்கி எடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் விஞ்ஞானிகளுக்கு முன்பே இந்த மணத்தை அறிந்த பிராணி ஒன்று உண்டு. 1989-ல் லண்டன் வைத்தியர் இருவர் ஒரு விசித்திரத்தைப் பத்திரிகைக்கு எழுதினார்கள். ஒரு பெண்மணியின் காலில் ஒரு மச்சம். அவள் வளர்த்த நாய் அதை ஓயாமல் முகர்ந்து கொண்டே இருந்தது. ஒரு நாள் கடித்து எடுக்கவும் முயன்றது. சந்தேகம் கொண்டு அவள் வைத்தியரிடம் காட்ட, அது தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. உரிய காலத்தில் அதை அறுத்து எடுத்துவிட்டார்கள்.

பிறகு 2004-ல் இங்கிலாந்தில் ஆறு நாய்களைப் பழக்கி, மூத்திரப்பைப் புற்றுநோயாளியின் மூத்திரத்தை ஏழு மாதிரிகளுக்குள் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். குருட்டாம் போக்கில் எடுத்தாலே நூற்றுக்கு 14 முறை சரியாக வரும். நாய்கள் 41 முறை சரியாகக் காட்டின. பெரிய வெற்றி என்று இதைச் சொல்ல முடியாதுதான். ஆனால் பயிற்சியின்போது ஒரு வினோதம் நடந்தது. நோயில்லாதவர் என்று வைக்கப்பட்ட ஒருவருடைய மாதிரியின் முன்னால் நாய்கள் திரும்பத் திரும்ப உட்கார்ந்தன. பழக்கியவர்கள் சலித்துப் போனார்கள். அந்த மனிதரை மறுபடியும் சோதித்தபோது அவருடைய சிறுநீரகத்தில் புற்றுநோய் இருந்தது!

இப்போது இந்த வேலை எங்கள் எல்லைக்கு அருகிலேயே நடக்கிறது. ஓசூரைத் தாண்டினால் பெங்களூர். அங்கே டாக்னோசிஸ் என்ற புதிய நிறுவனம் ஒன்று, முகமூடியில் பிடித்த மூச்சை நாய்களுக்கு முகரக் கொடுத்து, அவை காட்டும் குறிகளைக் கருவிகளால் கணித்துப் புற்றுநோயை அறிய முயன்று வருகிறது. இஸ்ரேலிலும் இத்தகைய முயற்சி உண்டு. அங்கே 1,386 பேரின் மூச்சை நாய்கள் முகர்ந்த பரிசோதனை 2024-ல் வெளியாயிற்று. நான்கு வகைப் புற்றுநோய்களில் நோயுள்ளவரை நூற்றுக்குச் சுமார் 94 விகிதம் சரியாகக் காட்டின. நோயில்லாதவரை விட்டுவிட்டதும் சுமார் 94 விகிதமே.

நாய்க்குப் பதிலாக இயந்திரத்தை நம்புகிறவர்களும் உண்டு. எங்கள் கிருஷ்ணகிரி மாம்பழ மண்டியில் பழுத்த வியாபாரி ஒருவர், காம்புப் பக்கத்தை ஒரு முறை முகர்ந்துவிட்டு, "இது நாளைக்கு, அது நாளன்றைக்கு" என்று தரம் பிரிப்பார். அந்த மூக்கைக் கம்பியிலும் தகட்டிலும் செய்துவிட்டால் என்ன? நம் நாட்டிலேயே கல்கத்தாவில் தேயிலையின் மணத்தை அளக்க மின்மூக்கு ஒன்று செய்திருக்கிறார்கள். லண்டனில் ஜார்ஜ் ஹன்னா என்ற வைத்தியரின் குழுவினர் 335 பேரின் மூச்சை இயந்திரத்தில் செலுத்தி, வயிறு, உணவுக்குழாய் ஆகியவற்றின் புற்றுநோயை நூற்றுக்கு 80 விகிதம் சரியாகக் கண்டதாக 2018-ல் எழுதினார்கள்.

கரும்பலகைக் கணக்கு

இவற்றைப் படித்தவுடன், "அப்படியானால் நாளைக்கே ஊருக்கு ஒரு பெட்டி வைத்துவிடலாமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றிற்று. ஆனால் கணக்கு வாத்தியார் வேலையும் பார்க்கிறவன் ஆகையால் சுண்ணக்கட்டியை எடுத்தேன்.

வெளிப்பார்வைக்குச் சுகமாக இருக்கும் 10,000 பேரை ஊதச் சொல்வதாக வைத்துக் கொள்வோம். அவர்களில் 50 பேருக்கு உள்ளே நோய் ஒளிந்திருக்கிறது என்போம். சோதனை இருபுறமும் நூற்றுக்கு 94 சரி. அந்த 50 பேரில் 47 பேர் அகப்படுவார்கள். 3 பேர் தப்பி, "எனக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். மீதியுள்ள 9,950 பேரில் நூற்றுக்கு 6 பேர், அதாவது 597 பேர், நோயில்லாமலே நோயாளிப் பட்டியலில் விழுவார்கள். ஆக, "சந்தேகம்" என்று சீட்டுப் பெறும் 644 பேரில் உண்மை நோயாளி 47 பேர்தான். பதினாலு பேருக்கு ஒருவர்! மற்றப் பதின்மூன்று குடும்பங்களும் எத்தனை இரவு தூங்காமல் கழிக்கும்?

இதனால் சோதனை வீண் என்று சொல்ல வரவில்லை. 10,000 பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைவிட 644 பேரை அனுப்புவது எவ்வளவோ மேல். முதல் சல்லடையாக அது பயன்படும், தீர்ப்பாகப் பயன்படாது. வைத்தியர்களும் அப்படித்தான் கருதுகிறார்கள்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. மூச்சிலுள்ள நோய்ப் பொருள்களில் பல நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். இரண்டு லாரி அரிசிக்குள் ஒரே ஒரு கேழ்வரகைத் தேடுவது எப்படியோ அப்படி. காலையில் தின்ற வெங்காயம், அடுப்புப் புகை, பீடி, பல்பொடி, ஆஸ்பத்திரியில் தரை துடைத்த மருந்து எல்லாமே அந்த மூச்சில் கலந்து வரும். ஓர் ஆராய்ச்சிக்கூடம் கண்ட பொருளை மற்றோர் ஆராய்ச்சிக்கூடம் காண்பதில்லை. சாராயம் ஒரே பொருள், அதுவும் ஏராளம். ஆகவே போலீஸ்காரரின் பெட்டி எளிதாகக் கண்டுகொள்கிறது. புற்றுநோயோ பல பொருள்கள் சேர்ந்த ஒரு சாயல். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகையால், ஒரு பெட்டியைக் கொண்டு வந்து "ஊதுங்கள், புற்றுநோய் உண்டா இல்லையா என்று இந்த நிமிஷமே சொல்கிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

வயிற்றுக்குள் ஒரு கிருமி

அதற்காக மூச்சுச் சோதனை முழுவதுமே கனவு என்று நினைத்துவிடக் கூடாது. புற்றுநோயின் வாசற்படி வரையில் சென்று பார்க்கும் ஒரு மூச்சுச் சோதனை இப்போதே நம் பெரிய ஆஸ்பத்திரிகளில் நடைமுறையில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு வைத்தியர்கள் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமி என்றார்கள். காரமும் கவலையுமே காரணம் என்று நம்பியிருந்த உலகம் நகைத்தது. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிகளைத் தாமே குடித்து, வயிற்று அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் அந்தக் கிருமி வயிற்றுப் புற்றுநோய்க்கும் காரணமாகிறது என்பதை உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1994-லேயே உறுதி செய்தது. நம் தமிழ்நாட்டு ஆண்களிடையே வயிற்றுப் புற்றுநோய் முன்னணியில் நிற்கும் வகைகளில் ஒன்று என்பதை நினைத்தால், இது நமக்குத் தூரத்து விவகாரமன்று.

அந்தக் கிருமி இருக்கிறதா என்று அறிய வயிற்றுக்குள் குழாய் விடத்தான் வேண்டும் என்பதில்லை. யூரியா என்ற பொருளைச் சிறிது குடிக்கக் கொடுக்கிறார்கள். அதிலுள்ள கரி, சாதாரணக் கரியைவிடச் சற்றே கனமான வகை. கிருமி இருந்தால் அது யூரியாவைச் சிதைக்கும். கனமான கரியைத் தாங்கிய கரியமில வாயு பிறந்து, இரத்தத்தில் ஏறி, அரை மணிக்குள் மூச்சில் வந்துவிடும். என் வகுப்பில் சுண்ணாம்பு நீரை வெளுக்க வைக்கிறதே, அதே வாயுதான்! எடை ஒன்றுதான் வித்தியாசம். கல்கத்தாவில் சத்யேந்திரநாத் போஸ் பெயரால் விளங்கும் தேசிய ஆராய்ச்சி மையத்தில் மாணிக் பிரதான் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டத்தாரும், மூச்சிலுள்ள நீராவியில் கனமான நீரின் அளவைக் கண்டு இதே கிருமியை அறியும் கருவி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். கிருமியைக் கண்டால் மருந்து உண்டு. மருந்தால் கிருமி போகும். பின்னால் வரக்கூடிய அபாயம் குறையும்.

அம்பிளிக்கையில் கண்டது

இவ்வளவு கஷ்டங்கள் இருந்தும் விஞ்ஞானிகள் ஏன் மூச்சையே பிடித்துக் கொண்டிருக்கிறார்கள்? காரணம் எளிது. மூச்சு விட யாரும் கூச்சப்படுவதில்லை. சேலையை விலக்க வேண்டாம். ஊசிக்கு அஞ்ச வேண்டாம். ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம். நம் கிராமத்துப் பெண்களில் எத்தனை பேர் வெட்கத்தினாலும் பயத்தினாலும் கூலி போகுமே என்ற கவலையினாலும் கட்டியையும் புண்ணையும் மறைத்து வைத்து மாண்டிருக்கிறார்கள்! அவர்களுக்கு மூச்சுச் சோதனை பெரிய தர்மமாக இருக்கும். அந்த நாள் வரட்டும்.

ஆனால் அதுவரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. திண்டுக்கல் ஜில்லாவில், ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள அம்பிளிக்கை ஆஸ்பத்திரியாரும் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சங்கரநாராயணன் என்ற நம் நாட்டு வைத்தியரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். பழகிய நர்ஸுகளைக் கொண்டு, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பை வாயில் காடித் திராவகத்தை, அதாவது வினிகரில் உள்ள புளிப்பை, தடவிப் பார்க்கச் செய்தார்கள். கோளாறு உள்ள இடம் ஒரு நிமிஷத்தில் வெளுத்துக் காட்டும். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. 2007-ல் முடிவு வெளியாயிற்று. சோதனை நடந்த கிராமங்களில், நடக்காத கிராமங்களைவிடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் நூற்றுக்கு 25 குறைந்திருந்தது. அதனால் நேர்ந்த சாவு 35 குறைந்திருந்தது. திருவனந்தபுரம் ஜில்லாவில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-ல் தெரிந்தது. ஊதும் பெட்டிகளில் எதுவும் இன்னும் இப்படிச் சாவைக் குறைத்துக் காட்டவில்லை.

1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை அந்த அம்மையார் தேசத்துக்கு ஒரு நிலையமாக மாற்றிக் கொடுத்தார். அன்று நோயாளி சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று சோதனை நம்மைத் தேடி வருகிறது. வீடு தேடி வரும் மருத்துவத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி ஜில்லாவின் சாமனப்பள்ளியில்தான். வாய், மார்பு, கருப்பை வாய் ஆகிய மூன்றின் புற்றுநோய்க்கும் ஜனங்களை அழைத்து இலவசமாகப் பரிசோதிக்கும் திட்டம் 2023-ல் முதன்முதல் நான்கு ஜில்லாக்களில் ஆரம்பமாயிற்று. அவற்றில் ஒன்று எங்களுக்கு அண்டை ஜில்லாவான திருப்பத்தூர். பிறகு மற்ற ஜில்லாக்களுக்கும் அது பரவி வருகிறது. சோதனை வாசலுக்கு வந்துவிட்டது. கதவைத் திறப்பது நம் பொறுப்பு.

பேத்திக்குச் சொன்ன பதில்

வீட்டில் பெரியவர்கள் இருக்கும் அன்பர்கள் ஒன்று செய்ய வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப் புண், கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடித்த படை, வாயை முன்போல் திறக்க முடியாமை, மார்பில் கட்டி, காலமல்லாத காலத்தில் இரத்தப் போக்கு, இவற்றில் எது கண்டாலும் அடுத்த வாரம் பார்த்துக் கொள்ளலாம் என்று தள்ளாமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். 30 வயதைக் கடந்த பெண்கள் ஒன்றும் காணாவிட்டாலும் ஒரு முறை சோதித்துக் கொள்ள வேண்டும். முக்கால்வாசி பேருக்கு ஒன்றுமிராது; நிம்மதியோடு திரும்புவார்கள்.

மறு வாரம் அந்தப் பெண்ணை அழைத்தேன். குழந்தையிடம் பொய் சொல்லக் கூடாது. மனம் புண்படவும் கூடாது. "ஊதினால் தெரிந்திருக்குமா என்பதை இன்றைய சாஸ்திரத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது, அம்மா. ஆனால் வாயைத் திறந்து ஒருவரிடம் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும்" என்றேன்.

அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "எங்கள் தாத்தாவும் புகையிலை போடுகிறார், ஸார்" என்றாள்.

சனிக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். அவள் வருகிறாள், நானும் கூடப் போகிறேன்.